வானத்துக்குச் செவி கொடுப்போர்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. பங்கு மக்களின் வாசிப்புக்காக இங்கே தரப்படுகிறது.)



இன்று ஒரு சிறுமியின் கேள்வியோடு தொடங்குகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பு. உறுதிபூசுதலுக்குத் தயாராகிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு மீட்பு வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு சிறுமி எழுந்தாள். "ஃபாதர், வேற கிரகத்துல நம்மள மாதிரி யாராச்சும் இருந்தா, அவங்களுக்காகவும் இயேசு சாமி செத்தாரா?" என்று கேட்டாள்.

வகுப்பே சிரித்தது. எனக்கு அடுத்த திருப்பலிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "முதல்ல விசுவாச அறிக்கையைப் பிழையில்லாமச் சொல்லக் கத்துக்கோம்மா, அப்புறம் வேற கிரகத்துக்குப் போகலாம்" என்றேன். மறுபடியும் சிரிப்பு. அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஆண்டு முழுவதும் ஒழுங்காக வகுப்புக்கு வந்தாள், செபங்களையெல்லாம் மனப்பாடமாகச் சொன்னாள், உறுதிபூசுதலும் பெற்றாள். ஆனால் என்னிடம் அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அன்பர்களே, அந்தக் கேள்விக்கு எனக்கு அன்று பதில் தெரியாது. தெரியாததை மறைக்கத்தான் அந்தக் கேலியைச் செய்தேன் என்பது எனக்கே பிறகுதான் புரிந்தது. அவளிடம் கடன்பட்டவனாகத்தான் இன்று உங்கள் முன் பேசுகிறேன்.

வேறு உலகங்களில் உயிர் உண்டா? இது கதைப் புத்தகக் கேள்வி என்று நினைக்க வேண்டாம். இன்று பல்கலைக்கழகங்களிலும் விண்வெளி மையங்களிலும் அறிவியலார் தங்கள் வாழ்நாளையே கொடுத்து இதைத் தேடுகிறார்கள். அவர்கள் எப்படித் தேடுகிறார்கள் என்று முதலில் பார்ப்போம்.

1960-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் கிரீன் பேங்க் என்ற சிற்றூர். ஃபிராங்க் டிரேக் என்ற இளம் வானியலாளர் அங்கிருந்த பெரிய வானொலித் தொலைநோக்கியை இரண்டு விண்மீன்களை நோக்கித் திருப்பினார். இரண்டும் ஏறக்குறைய 11, 12 ஒளி ஆண்டுத் தொலைவில் இருப்பவை. அங்கே யாராவது இருந்து, அவர்களும் நம்மைப்போல வானொலி அலைகளைப் பயன்படுத்தினால், அது நம் காதில் விழாதா என்பதே அவருடைய எண்ணம். நீங்கள் இப்போது என் குரலைக் கேட்பதும் வானொலி அலையில்தான். அதே அலையை வானத்திலிருந்து கேட்கக் காத்திருந்தார் அவர். ஒருமுறை பலமான துடிப்பு ஒன்று பதிவானது. எல்லாருக்கும் பரபரப்பு. விசாரித்துப் பார்த்ததில் அது பூமியிலிருந்தே வந்த அலை. அதை அவர் மறைக்கவில்லை. தொடர்ந்து கேட்டார். அவருக்குப் பின் வந்தவர்களும் 60 ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இதுவரை உறுதியான குரல் எதுவும் வரவில்லை. ஆனாலும் செவியை மூடவில்லை.

அடுத்தது, கோள்களைத் தேடும் பணி. நம் கதிரவனைப் போன்ற இன்னொரு விண்மீனையும் ஒரு கோள் சுற்றிவருகிறது என்பதை 1995-இல் சுவிட்சர்லாந்தின் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் கண்டுபிடித்தார்கள். 2019-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று அப்படி உறுதிசெய்யப்பட்ட கோள்கள் 6,000-க்கும் மேல். நான் குருமடத்தில் சேர்ந்த காலத்தில் பாடநூலில் இருந்தவை கதிரவனின் கோள்கள் மட்டுமே. இறைவனின் படைப்பு சுருங்கிவிடவில்லை, அன்பர்களே. நாம் பார்க்கும் சன்னல்தான் அகலமாகியிருக்கிறது.

அவ்வளவு தொலைவில் இருக்கும் கோளில் உயிர் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? கோள் தன் விண்மீனுக்கு முன்னால் கடந்து போகும்போது, விண்மீனின் ஒளியில் சிறு பகுதி அந்தக் கோளின் காற்றுமண்டலத்தை ஊடுருவி நம்மிடம் வருகிறது. அந்தக் காற்றில் உள்ள ஒவ்வொரு வாயுவும் ஒளியின் குறிப்பிட்ட சில நிறங்களை உறிஞ்சிக்கொள்ளும். எந்த நிறம் குறைகிறது என்று பார்த்தால், எந்த வாயு அங்கே இருக்கிறது என்று சொல்லலாம். ஒளியைப் பிரித்துப் படிக்கும் இந்தக் கலையை விண்மீன்களிடம் பயன்படுத்திய முன்னோடிகளில் ஒருவர் ஒரு கத்தோலிக்கக் குரு. இயேசு சபையைச் சேர்ந்த அருள்தந்தை ஆஞ்சலோ செக்கி. 19-ஆம் நூற்றாண்டில் உரோமை நகரில், புனித இஞ்ஞாசியார் ஆலயத்தின் கூரைமேல் தொலைநோக்கியை நிறுவி, 4,000-க்கும் மேற்பட்ட விண்மீன்களின் ஒளியைப் பகுத்து வகைப்படுத்தினார். கீழே பீடத்தில் திருப்பலி, மேலே கூரையில் விண்மீன் ஆய்வு. இரண்டுக்கும் நடுவே அவருக்குச் சண்டை இருக்கவில்லை.

இப்போது அண்மைக்காலச் செய்திகள் இரண்டு.

சிங்க விண்மீன் கூட்டத்தின் திசையில், 124 ஒளி ஆண்டுத் தொலைவில், கே2-18 பி என்று ஒரு கோள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இன்று பிடிக்கும் அதன் ஒளி, நம் கொள்ளுத் தாத்தாக்கள் காலத்தில் அங்கிருந்து புறப்பட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும், இந்தியாவில் பிறந்த அறிவியலாளர் நிக்கு மதுசூதனின் குழு, அந்தக் கோளின் காற்றில் ஒரு வாயுவின் சாயல் தெரிவதாக 2025 ஏப்ரலில் அறிவித்தது. பூமியில் அந்த வாயுவைப் பெரும்பாலும் உருவாக்குபவை கடலில் மிதக்கும் நுண்ணுயிர்கள். உலகெங்கும் செய்தி பரவியது. ஆனால் அந்தக் குழுவே இன்னும் பலமுறை நோக்க வேண்டும் என்று சொன்னது. தற்செயலாக இப்படித் தெரிய 1,000-இல் மூன்று வாய்ப்பு இருக்கிறது. அறிவியலுக்கு அது போதாது. வேறு அறிவியலார் அதே தரவுகளை எடுத்து ஆராய்ந்து, சான்று போதவில்லை என்றார்கள். விவாதம் தொடர்கிறது.

இரண்டாவது செய்தி செவ்வாய்க் கோளிலிருந்து. 2021 பிப்ரவரியில் பெர்சிவரன்ஸ் என்ற ஊர்தி அங்கே ஜெசரோ என்னும் பள்ளத்தில் இறங்கியது. ஒரு காலத்தில் அது ஏரியாக இருந்த இடம். ஏரிக்குள் ஆறு வந்து சேர்ந்த பள்ளத்தாக்கில், 2024 ஜூலையில் ஒரு பாறையில் சிறுத்தைப் புள்ளிபோலச் சில புள்ளிகளைக் கண்டது. பூமியில் இத்தகைய கனிமங்கள் சேற்றில் வாழும் நுண்ணுயிர்களால் உண்டாவதுண்டு. உயிரே இல்லாமலும் உண்டாகலாம். அதனால் 2025 செப்டம்பரில் நாசா அதை அறிவித்தபோது, உயிரின் தடயமாக இருக்கக்கூடும் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டது. அந்தப் பாறையிலிருந்து எடுத்த சாக்பீஸ் அளவு துண்டு, குழாயில் அடைக்கப்பட்டுச் செவ்வாயிலேயே இருக்கிறது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. வாழ்நாள் முழுவதும் ஒன்றைத் தேடியவர்கள், அது கிடைத்துவிட்டதுபோலத் தோன்றும்போதுகூட, "பொறுங்கள், இன்னொரு முறை பார்ப்போம்" என்கிறார்கள். நாமோ ஒரு சுரூபம் கண்ணீர் விட்டது, ஒரு மேகத்தில் திருமுகம் தெரிந்தது என்று வாட்ஸ்அப்பில் வந்தால், யார் அனுப்பியது என்றுகூடக் கேட்காமல் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். உண்மையின் கடவுளை வணங்குகிறவர்கள் உண்மையைத் தேடுவதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டாமா?

சரி, திருச்சபை இந்தத் தேடலை எப்படிப் பார்க்கிறது?

1277-ஆம் ஆண்டு பாரிஸ் ஆயர் எத்தியேன் தாம்பியே, அன்று பல்கலைக்கழகத்தில் நிலவிய பல கருத்துகளைக் கண்டித்தார். அவற்றில் ஒன்று, கடவுளால் ஒன்றுக்கு மேற்பட்ட உலகங்களைப் படைக்க முடியாது என்பது. இறைவனின் வல்லமைக்கு எல்லை கட்ட நாம் யார் என்பதே ஆயரின் நிலைப்பாடு. 1440-இல் கூசா நகர நிக்கோலாஸ் எழுதிய நூலில், பிற விண்மீன் பகுதிகளிலும் உயிர்கள் வாழக்கூடும் என்று கருதினார். பின்னாளில் அவர் கர்தினாலாக உயர்த்தப்பட்டார்.

நம் வரலாற்றில் வேதனை தரும் பக்கமும் உண்டு. எண்ணற்ற உலகங்கள் உண்டு என்று பேசிய ஜோர்தானோ புரூனோ 1600-இல் உரோமையில் எரித்துக் கொல்லப்பட்டார். அவர்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளில் இறையியல் சார்ந்தவை பல இருந்தன. என்றாலும் கருத்துக்காக ஒரு மனிதரை எரித்ததை நாம் நியாயப்படுத்த முடியாது. 2000-ஆம் யூபிலி ஆண்டில் வத்திக்கான் அதற்காக வருத்தம் தெரிவித்தது. கேட்க மறுத்த செவி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை.

இன்று திருப்பீடத்துக்கே சொந்தமாக ஒரு வானியல் ஆய்வகம் இருக்கிறது. திருத்தந்தை 13-ஆம் லியோ 1891-இல் அதற்குப் புத்துயிர் கொடுத்தார். 2025 முதல் அதன் இயக்குநராக இருப்பவர் நம் இந்தியாவைச் சேர்ந்த இயேசு சபைக் குரு ரிச்சர்ட் டிசூசா. 2009 நவம்பரில் திருப்பீட அறிவியல் கழகம், பிற உலக உயிர் பற்றிய ஆய்வுக்கென்றே வத்திக்கானில் ஐந்து நாள் கருத்தரங்கு நடத்தியது. கடவுளை நம்பாத அறிவியலாரும் அதில் பேசினார்கள். திருச்சபை அமர்ந்து கேட்டது.

இப்போது அந்தச் சிறுமியின் கேள்விக்கு வருகிறேன். அங்கே யாராவது இருந்தால், அவர்களுக்காகவும் இயேசு இறந்தாரா?

திருச்சபை இதற்கு விசுவாசக் கோட்பாடாக எந்த விடையும் வகுக்கவில்லை. ஆனால் இதுபோன்ற கேள்வியை நம் புனிதர்களே கேட்டிருக்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ், இறைமகன் வேறொரு மனித இயல்பையும் ஏற்க முடியுமா என்று தம் பெரும் இறையியல் நூலில் கேட்டார். முடியும், படைக்கப்பட்ட எதுவும் இறைவல்லமையை அடைத்து வைக்க முடியாது என்பது அவருடைய விடை. நான் வகுப்பில் சிரித்து ஒதுக்கிய கேள்விக்கு நெருங்கிய உறவான ஒன்றைத் திருச்சபையின் மறைவல்லுநர் உட்கார்ந்து சிந்தித்திருக்கிறார்!

நம் காலத்தில், வத்திக்கான் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த அர்ஜென்டினா நாட்டு அருள்தந்தை ஹோசே கபிரியேல் ஃபூனெஸ் 2008-இல் ஒரு நேர்காணல் கொடுத்தார். புல் பூண்டையும் பறவையையும் விலங்கையும் உடன்பிறப்பு என்று அழைத்த புனித அசிசி பிரான்சிஸின் வழியில், பிற உலகத்தாரையும் சகோதரர் என்று ஏன் அழைக்கக்கூடாது என்று கேட்டார். காணாமற்போன ஆட்டின் உவமையையும் நினைவூட்டினார். நூறு ஆடுகளில் வழிதவறியது ஒன்று. ஒருவேளை இந்தப் பேரண்டத்தில் வழிதவறிய அந்த ஓர் ஆடு நாமாக இருக்கலாம். மற்றவர்கள் தங்களைப் படைத்தவரோடு நட்புறவிலேயே நிலைத்திருக்கலாம் என்றார். எவ்வளவு தாழ்ச்சியான சிந்தனை, பாருங்கள்! உவமையைக் கேட்கும்போதெல்லாம் நாம் நம்மை அந்தத் தொண்ணூற்றொன்பதில்தானே சேர்த்துக்கொள்கிறோம்?

எல்லாம் கிறிஸ்து வழியாகவும் அவருக்காகவும் படைக்கப்பட்டன என்று புனித பவுல் கொலோசையருக்கு எழுதினார். அந்த "எல்லாம்" என்ற சொல்லுக்குள் பூமி மட்டும் அடங்குவதில்லை. விண்மீன்களுக்கு அப்பால் ஓர் உயிர் இருந்தாலும் அதுவும் அவர் அன்புக்கு வெளியே இல்லை. எந்த வழியில் அவர் அவர்களைத் தேடுகிறார் என்பது அவருக்குத் தெரியும். இந்த அளவுதான் என்னால் சொல்ல முடியும். அன்று அந்தச் சிறுமிக்கு இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதுமாயிருந்திருக்கும்.

இந்தப் பாஸ்கா காலத்தின் திங்கட்கிழமை ஒன்றில் நாம் கேட்கும் முதல் வாசகம் திருத்தூதர் பணிகள் 11-ஆம் அதிகாரம். யோப்பா நகரில் வேண்டிக்கொண்டிருந்த பேதுருவுக்குக் காட்சி ஒன்று தெரிகிறது. வானத்திலிருந்து பெரிய விரிப்பு இறங்குகிறது. அதில் அவர் தீட்டு என்று ஒதுக்கிய உயிர்களெல்லாம் இருக்கின்றன. கடவுள் தூய்மையாக்கியதைத் தீட்டு என்று சொல்லாதே என்ற குரல் கேட்கிறது. அதே நேரத்தில் செசரியாவிலிருந்து ஆள் வருகிறது. உரோமைப் படையின் நூற்றுவர் தலைவர் கொர்னேலியு அழைக்கிறார். யூதர் கால் வைக்கக்கூடாத வீடு. பேதுரு போனார். அந்த மனிதரைப் பேசவிட்டார், கேட்டார். தூய ஆவியார் தமக்கு முன்பே அங்கே வந்துவிட்டதைக் கண்டார். எருசலேமில் மற்றவர்கள் தட்டிக் கேட்டபோது, கடவுளைத் தடுக்க நான் யார் என்று சொன்னார். அவர்களும் முழுவதையும் கேட்டார்கள், அமைதியானார்கள், கடவுளைப் புகழ்ந்தார்கள்.

2014 மே மாதம் இந்த வாசகத்துக்குத்தான் திருத்தந்தை பிரான்சிஸ் மறையுரை ஆற்றினார். நாளை செவ்வாய்க் கோளிலிருந்து சிலர் வந்து, பிள்ளைகள் வரையும் படம்போலப் பச்சை நிறமும் நீண்ட மூக்கும் பெரிய காதுமாக நின்று, அவர்களில் ஒருவர் எனக்குத் திருமுழுக்கு வேண்டும் என்று கேட்டால் என்ன செய்வோம் என்று கேட்டார். கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் பேதுருவைக் கேள்வி கேட்டவர்களுக்குக் கொர்னேலியு அப்படித்தான் தெரிந்தார் என்பதே திருத்தந்தை காட்ட விரும்பியது.

அன்பர்களே, செவ்வாயிலிருந்து ஒருவர் வந்தால் நாம் மேளதாளத்தோடு வரவேற்போம் என்றே நினைக்கிறேன். எல்லாத் தொலைக்காட்சியும் வரும். அதில் எனக்குக் கவலை இல்லை. என் கவலை நம் ஆலயத்தின் கடைசி வரிசையைப் பற்றியது. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்த இளைஞர்கள் பலர் ஞாயிறுதோறும் அங்கே நிற்கிறார்கள். நம்மைப்போலவே சிலுவை அடையாளம் வரைகிறார்கள். தமிழ் மறையுரை புரியாமல் கடைசிவரை நின்றுவிட்டுப் போகிறார்கள். சமாதானம் பகிரும்போதுகூட நாம் முன்னால் திரும்பிக் கைகூப்புகிறோம், பின்னால் திரும்புவதில்லை. 124 ஒளி ஆண்டைக் கடந்து மனித அறிவு செவி கொடுக்கிறது. நமக்கும் அவர்களுக்கும் நடுவே இருப்பது நான்கு பெஞ்சு.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் மறையுரை ஆற்றியவன் ஆகமாட்டேன். ஒரே திருமுழுக்குத் தண்ணீரைப் பெற்றவர்களுக்கு நடுவே, சாதியின் பெயரால் கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பிய ஊர்கள் நம்மிடையே உண்டு. பேதுரு கண்ட விரிப்பு அந்த ஊர்களில் இன்னும் தரைக்கு வரவில்லை. வேற்றுலகத்தாரைச் சகோதரர் என்று அழைப்பதற்கு முன், அடுத்த தெருவாரை அப்படி அழைத்துப் பழகுவோம்.

இந்த வாரம் இரண்டு சிறு செயல்கள். ஒன்று, ஞாயிறு திருப்பலி முடிந்ததும், உங்களுக்குத் தெரியாத ஒருவரிடம் போய் அவருடைய பெயரையும் ஊரையும் கேளுங்கள். மொழி தெரியாவிட்டால் சைகையில் கேளுங்கள். பதில் முடியும்வரை நில்லுங்கள். இரண்டு, உங்கள் வீட்டுப் பிள்ளை ஏதாவது ஒரு வினோதமான கேள்வி கேட்டால் சிரித்துவிடாதீர்கள். பதில் தெரியாவிட்டால், "எனக்குத் தெரியலைடா கண்ணு, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள். பிள்ளையின் விசுவாசம் அதனால் குறையாது. என் அனுபவத்தில், பதில் கிடைக்காததைவிடக் கேலிதான் அதைக் குறைக்கிறது.

அந்தச் சிறுமி இப்போது வளர்ந்து எங்கோ இருப்பாள். இந்த ஒலிபரப்பு அவள் காதில் விழுமோ, விழாதோ. விழுந்தால், அம்மா, என்னை மன்னித்துக்கொள். நல்ல கேள்வி கேட்டாய். இன்னும் கேள்.

மன்றாடுவோம்: விண்மீன்களை எண்ணிப் பெயரிட்டு அழைக்கும் இறைவா, உமது படைப்பின் ஆழத்தைத் தேடும் அறிவியலாரை ஆசீர்வதியும். எங்களுக்குத் திறந்த செவியைத் தாரும். தொலைவில் இருப்பவர்களையும் அருகில் இருந்தும் நாங்கள் தொலைவாக்கியவர்களையும் உமது பிள்ளைகளாகக் காணச் செய்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.